காய்ச்சல் ஒன்றுதான், சம்பளம்தான் வேறு

(2022 பெப்ரவரியில் உடப்புசல்லாவையில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான கருத்தரங்கில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழியர் ஆற்றிய உரை)



கொரோனாவைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருடமாக ரேடியோவிலும் டிவியிலும் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. கையைக் கழுவு, மாஸ்க் போடு, ஒரு மீற்றர் தள்ளி நில் என்றார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறு பேர் படுக்கிற லயத்தில் அந்த ஒரு மீற்றர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் டாக்டர் இல்லை. இந்த நோய் வந்து படுத்து, மூச்சுக்குத் திணறி, எழுந்து வந்தவள். என் அம்மாவுக்கும் அதே கிழமையில் வந்தது. அம்மா 31 வருடமாகக் கொழுந்தெடுக்கிறவர். நான் அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியை. எங்களுக்கு ஒரே வீடு, ஒரே நோய், ஒரே நாளில்தான் பரிசோதனை. மாதம் முடிந்து சம்பளம் வந்தபோது அவர் கைக்கு வந்ததும் என் கைக்கு வந்ததும் மலைக்கும் மடுவுக்கும். அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு போட்டார்கள். கடை மூடியது, கந்தோர் மூடியது, பாடசாலை மூடியது. தேயிலை மலை மூடவில்லை. ஏற்றுமதி நிற்கக் கூடாது, நாட்டுக்கு டொலர் வேண்டும் என்று வேலை நடந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேலை நடந்தபடியால்தான் நம் வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் வேலைக்கு வந்தவளுக்கு நோய் வந்து படுத்தால் அவள் சம்பளம் என்னவாகும் என்ற கேள்விக்கு எங்கள் தோட்டத்தில் அன்றைக்கும் பதில் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

2021 சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு மூன்றாவது அலை வந்தது. மே 21 இலிருந்து ஜூன் 21 வரை பயணக் கட்டுப்பாடு. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வீடுகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் அதற்கு முன்பே கிடைத்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள்தான் கொண்டு வந்தார்கள் என்று பலர் ஏசினார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வராமல் எங்கே போவான்? கொழும்பில் அவனுக்கு வேறு வீடு இருக்கிறதா?

எங்கள் லயத்தில் 12 காம்பரா. ஜூன் முதல் கிழமையில் அம்மாவுக்கு உடம்பு வலி. இரவில் அனல் போலச் சுட்டது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்துவிட்டு, காலையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். "அம்மா, இன்னைக்கு ஒரு நாளாவது படுங்க" என்றேன். "நான் படுத்தா பேரு யாரு போடுவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் அப்படியே போனார். மூன்றாம் நாள் எனக்கும் காய்ச்சல். தொண்டை அறுப்பது போல வலி, தலை தூக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்றேன். அப்போது அம்மா சொன்னதை இந்த மண்டபத்தில் இருக்கும் தாய்மார் எல்லாரும் ஒரு தடவையாவது நினைத்திருப்பீர்கள். "நமக்குன்னு தெரிஞ்சா லயத்தையே மூடிருவாங்க. பன்னெண்டு வீட்டுப் பேரும் போகும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

தோழர்களே, தோட்டத்து ஆட்கள் நோயை மறைக்கிறார்கள், படிப்பறிவு இல்லை, பயந்தாங்கொள்ளிகள் என்று அந்த நாட்களில் எத்தனையோ பேர் பேசினார்கள். என் அம்மாவுக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் அவர் கொரோனாவுக்குப் பயப்படவில்லை. பேர் போய்விடும் என்றுதான் பயந்தார். தன் பேரை மட்டும் நினைத்தும் பயப்படவில்லை, அடுத்த வீட்டுக்காரியின் பேரையும் நினைத்துத்தான் பயந்தார். இதற்குப் பெயர் அறியாமையா?

கடைசியில் இரண்டு பேரும் போனோம். பி.எச்.ஐ. வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்தார். இருவருக்கும் தொற்று. மறுநாள் எங்களை வாகனத்தில் ஏற்றி இடைநிலைப் பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அப்பாவும் என் ஆறு வயது மகனும் வீட்டுக்குள். அம்மா பயந்தபடியே லயத்துக்கு 14 நாள் தனிமைப்படுத்தல். என் வீட்டுக்காரர் கொழும்பில், வர வழியில்லை.

வாகனத்தில் ஏறும்போது இஸ்தோப்பில் நின்ற ஒரு அக்கா சத்தமாகவே சொன்னார்: "ஒங்க வீட்டால எங்க சோத்துல மண்ணு." அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அக்காவில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள். 14 நாளில் 12 நாள் வேலை, 12,000 ரூபாய். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு அரசாங்கம் உலர் உணவுப் பொதி கொடுத்தது. பயணக் கட்டுப்பாட்டு நேரத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபாயும் கொடுத்தது. கிடைத்தவர்களுக்கு அது உதவிதான். ஆனால் கடைக்கடனும் அடகுக் கடையும் உலர் உணவை வாங்கிக்கொள்ளாது.

நிலையத்தில் ஏழாம் நாள் வரை சமாளித்தேன். ஏழாம் நாள் இரவு மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போய் வருவதற்குள் மலை ஏறி இறங்கியது போல இளைத்தது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றரில் 91 காட்டியது. 94 க்குக் கீழே போனால் கவனம் என்று முதல் நாளே தாதி சொல்லியிருந்தார். உடனே ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஐந்து நாள் ஒட்சிசன். குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் நன்றாக விரிந்து மூச்சு கொஞ்சம் இலேசாக இறங்கும். பக்கத்துக் கட்டிலில் வலப்பனைப் பக்கத்துச் சிங்களத் தாய் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரைகுறைச் சிங்களம். நான் குப்புறப் படுக்க மறந்தால் கட்டிலில் தட்டி ஞாபகப்படுத்துவார். அவர் மகன் கொண்டு வந்த கஞ்சியில் எனக்கும் பங்கு தருவார்.

அந்த மீற்றர் ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இருமலும் காய்ச்சலும் இருக்கும்போது உடம்பு நம்மை ஏமாற்றும்; நன்றாக இருப்பது போலவே தோன்றும், உள்ளே ஒட்சிசன் இறங்கிக்கொண்டிருக்கும். எங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் அன்று அந்த மீற்றர் ஒன்றுகூட இருக்கவில்லை. நான் லயத்திலேயே படுத்திருந்தால் அந்த ஏழாம் இரவில் அது இறங்கியது யாருக்குத் தெரிந்திருக்கும்?

இனி வீட்டுப் பக்கம். எங்களை ஏற்றிப் போன மூன்றாம் நாள், பக்கத்து லயத்து இளைஞர்களும் மாதர் சங்கப் பெண்களும் சேர்ந்து மூடிய லயத்துக்கு வேண்டியதை எழுதி வாங்கினார்கள். கடையிலிருந்து சாமான், டிஸ்பென்சரியிலிருந்து அப்பாவின் பிரஷர் மாத்திரை, பீலியிலிருந்து தண்ணீர். எல்லாவற்றையும் லயத்து மூலையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போவார்கள். என் மகனுக்குக் கலர் பென்சில்கூட வந்தது. சோற்றில் மண் என்று சொன்ன அதே அக்கா, தன் வீட்டு அடுப்பில் அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்து உலை வைத்தார். அப்பா சொன்னார், "வாய் கசப்புத்தான், கை கசக்கல." சங்கம் என்பது சந்தாச் சீட்டு மட்டும்தானா என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இருவரும் உயிரோடு வந்தோம். வராதவர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே தாயைப் பெட்டிக்குள் மூடியபடி பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துக்கொண்டுதான் நான் மீண்ட கதையைப் பேசுகிறேன்.

மீள்வது என்றால் என்ன? ஆஸ்பத்திரி துண்டு கொடுத்து அனுப்பியதோடு நோய் முடிந்தது என்று நினைத்தோம். எங்கள் வீட்டிலிருந்து பாடசாலைக்கு 140 படி. முன்பு ஒரே மூச்சில் ஏறுவேன். வந்த பிறகு நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். படித்துக்கொண்டிருக்கும்போதே வாசித்த வரி மறந்து போகும். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அம்மாவுக்கு மூக்கும் நாக்கும் செத்துப் போயின. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை நம் பக்கத்தில் வரண்ட காற்று அடிக்கும். உடப்புசல்லாவைத் தேயிலைக்கு நல்ல வாசம் வருகிற காலம் அதுதான் என்று உங்களுக்குத் தெரியும். பெக்டரியைத் தாண்டிப் போகையில் அம்மா நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. "31 வருஷம் பறிச்ச தேயில, வாசம் தெரியலடி" என்பார். நவம்பரில்தான் திரும்பி வந்தது.

இப்போது சம்பளக் கதைக்கு வருகிறேன். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கு எனக்கு முழுச் சம்பளம். ஒரு சதம் வெட்டு இல்லை. யாரிடமும் போய் நிற்கவும் இல்லை. அம்மா தனிமைப்படுத்தலும் அதற்குப் பிறகு எழும்ப முடியாத ஒரு கிழமையுமாக மூன்று கிழமை வீட்டில். வேலை நாள் கணக்கில் 18 நாள். நாள் சம்பளம் 1,000 ரூபாய். 18,000 ரூபாய் போனது. அந்த 18 நாளுக்கு ஊழியர் சேமலாப நிதியிலும் எதுவும் விழவில்லை. முந்திய வருடம் எத்தனை நாள் வேலைக்குப் போனோம் என்பதை வைத்துத்தானே அடுத்த வருட லீவுக்காசு? அங்கேயும் அந்த 18 நாள் குறைகிறது. ஒரு காய்ச்சலுக்கு மூன்று இடத்தில் வெட்டு.

அதோடும் முடியவில்லை. ஜூலையில் மலைக்குப் போனார். 2021 மார்ச்சில் வர்த்தமானி போட்டு அடிப்படை 900 ரூபாய், கொடுப்பனவு 100 ரூபாய் என்று ஆயிரம் ரூபாய் வந்த பிறகு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டியது உங்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ கேட்டார்கள். காற்றுக் காலத்தில் நல்ல கையே தடுமாறும். அம்மா நான்கு மரம் பறித்தால் ஐந்து நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். மடுவத்துக்கு ஏறும்போது இரண்டு தடவை கொழுந்தை இறக்கி வைத்தார். 11 கிலோ, 12 கிலோ. ஜூலையில் 22 நாள் போனார், 13 நாள் அரைப்பேர். இன்னும் 6,500 ரூபாய். நோய் மூன்று கிழமைதான். அதன் வெட்டு மூன்று மாதச் சம்பளத்தில் இருந்தது.

ஆசிரியைக்குச் சம்பளம் கொடுத்தது தவறு என்று நான் சொல்வேனா? மாட்டேன். அது இருந்தபடியால்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு. எங்களுக்கு அந்த உரிமை சும்மா வரவில்லை, அதுவும் சங்கம் வைத்துப் போராடி வந்ததுதான். எனக்குக் கிடைத்தது ஏன் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி.

நகரத்தில் கடையிலோ கந்தோரிலோ வேலை செய்கிற பிள்ளைக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. வருடாந்த லீவு 14 நாள். அதற்கு மேலாக, சொந்தத் தேவைக்கோ சுகவீனத்துக்கோ 7 நாள் சம்பளத்துடன் லீவு. அந்தச் சட்டம் தேயிலை மலைக்கு ஏறி வரவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்தெடுக்கிறவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனவர்களுக்காகத்தான் தமிழ்நாட்டு அரசாங்கம் டான்டீ தோட்டங்களைத் தொடங்கியது. அங்கே 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. அதன் 32 ஆம் பிரிவில், டாக்டர் துண்டு இருந்தால் தொழிலாளிக்குச் சுகவீனப் படி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. ஆனால் கேட்பதற்கு அவர்களிடம் ஒரு வரி இருக்கிறது. நம்மிடம் அந்த வரி இல்லை.

நோய் என்று சொல்லித் தொழிலாளியைப் பூட்டி வைப்பதும் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வரும்போது இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் முகாம் வைத்திருந்தது. கொலராவும் பெரியம்மையும் வந்துவிடும் என்று அங்கே தடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏற்றினார்கள். நோய் பரவாமல் தடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த முகாமில் இருந்து ஏறி வந்தவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? லயத்தில். ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படுகிற காம்பராவில். 2021 இல் என் அம்மாவும் நானும் ஒருவர் காய்ச்சலை ஒருவர் வாங்கியதும் அதே அளவுக் காம்பராவில்தான். பெருந்தோட்டங்கள் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 110 ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை ஏற்றிருக்கிறது. தொழிலாளரின் வீடும் வைத்தியமும் அதற்குள் வருகின்றன. ஆகவே வீடு கேட்பதும் சுகாதாரக் கோரிக்கைதான்.

அப்படியானால் நாம் என்ன கேட்க வேண்டும்? எங்கள் கமிட்டியில் பேசி எழுதிய ஐந்து விஷயத்தை இந்தக் கருத்தரங்கின் முன் வைக்கிறேன். உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துமா என்று பார்த்துத் திருத்துங்கள்.

முதலாவது, டாக்டர் துண்டு இருந்தால் வருடத்தில் 14 நாள் சம்பளத்துடன் சுகவீன லீவு. அடுத்த பேச்சுவார்த்தை எந்த மேசையில் நடந்தாலும் சம்பளத் தொகைக்குப் பக்கத்திலேயே இதையும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, சுகாதார அதிகாரிகள் சொல்லி வீட்டில் இருந்த நாளை வேலைக்குப் போன நாளாகவே கணக்கெடுக்க வேண்டும். சேமலாப நிதிக்கும் லீவுக்காசுக்கும் சேர்த்து.

மூன்றாவது, கடும் நோயிலிருந்து எழுந்து வந்தவருக்கு ஒரு மாதம் கிலோ கேட்காத இலேசான வேலை, முழுப்பேருடன்.

நான்காவது, ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் ஒட்சிசன் மீற்றர், நோயாளியை ஏற்ற ஒழுங்கான வாகனம். கொழுந்து லொறி கொழுந்துக்கு. மனுசருக்கு அல்ல.

ஐந்தாவது, தமிழில் எழுதிய படிவம், தமிழ் பேசும் ஒருவர். மூச்சு முட்டுகிறவள் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேட்பது ஒரு பக்கம். நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இப்போது ஒமிக்ரோன் பரவுகிறது. சாதாரணத் தடிமன்தான் என்கிறார்கள். ஊசி போட்டவர்களில் பலருக்கு அப்படித்தான் போகிறது. எனக்கு நோய் வந்தபோது எங்கள் லயத்துக்கு ஊசி வந்திருக்கவில்லை. மூன்றாவது ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, கை செத்துவிடும் என்று வாலிபப் பிள்ளைகள் போனில் பரப்புவதை நம்பாதீர்கள். கை ஒரு நாள் இரண்டு நாள் வலிக்கும், காய்ச்சல் காயும், பிறகு போய்விடும். மலைக்குப் போகிற பெண்கள் அந்த வலிக்காகவே ஊசியைத் தள்ளிப் போடுகிறார்கள். அதனால் ஊசி போட்ட மறுநாளுக்கும் பேர் வேண்டும் என்று தலைவர்மார் கேளுங்கள்.

வீட்டில் வயதானவர்கள், சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் காய்ச்சலை மறைக்காதீர்கள். பேசும்போது வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், ஆள் தடுமாறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. லயம் வரை ஏற முடியாவிட்டால் ரோட்டு வரை தூக்கிக்கொண்டு வர நான்கு இளைஞர்களின் பெயரை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

நோய் வந்த வீட்டை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த வீடு மறைக்கும். மறைத்தால் லயம் முழுக்கப் படுக்கும். எங்கள் லயத்தில் முதலில் சொன்ன வீடு நாங்கள்தான், அதனால் மற்றப் பதினொரு வீட்டில் மூன்று பேரோடு நோய் நின்றது.

கடைசியாக ஒன்று. இந்த நோய் ஒரு நாள் போய்விடும். பிறகு வேறொன்று வரும், டெங்கு வரும், எலிக்காய்ச்சல் வரும். அன்றைக்கும் என் அம்மா போன்ற ஒருத்தி விடியற்காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படுப்பதா மலைக்குப் போவதா என்று யோசிப்பாள். அவள் படுத்தாலும் அடுப்பு எரியும் என்று நாம் உறுதி கொடுக்க முடிந்தால், அவள் தானாகவே டிஸ்பென்சரிக்குப் போவாள்.

இங்கிருந்து போனதும் உங்கள் தோட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். கொரோனாவில் படுத்தவர்களின் பெயர், போன நாள், போன பேர், அரைப்பேர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதித் தரட்டும், நானும் வருகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளோடு வாருங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களின் கையில் நாம் கொடுக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.